மெல்பேர்ண் வெயிலில் ஒரு ராகுகாலக் கணக்கு

1974 டிசம்பர் 13, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி இருபத்தைந்து நிமிடம். மெல்பேர்ணில் வடக்குக் காற்று, ரொட்டி சுடும் போறணையின் வாயைத் திறந்துவிட்டதுபோல் அடித்துக்கொண்டிருந்தது. வானத்தில் மேகம் இல்லை. பின்னேரம் காற்றுத் திரும்பிக் குளிரும் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். வெயிலைப் பற்றி முதலிலேயே சொல்லி வைக்கிறேன். அந்த வெயில் இல்லாதிருந்தால் இன்று உங்களுக்குச் சொல்ல என்னிடம் வேறு கதைதான் இருந்திருக்கும்.

அந்த நேரத்தில்தான் எங்கள் கட்சிக்காரர் குலசிங்கம், நான் எழுத்தராக இருந்த மூன்றாம் மாடிச் சட்ட அலுவலகத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இரண்டு கைகளாலும் ஒரு பிஸ்கட் தகரத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். மூடியைத் திறந்தார். உள்ளே மடிப்பு விழாமல் ஒரு கடிதம் கிடந்தது.

"அண்ணை, கையெழுத்து வாங்கிப்போட்டன்" என்றார். "மனேஜர் சிட்னியிலை இருந்து வந்து இறங்கி நேரா வேலைக்கு வாறார். நான் வாசல் கேற்றிலை நிண்டு மறிச்சுப்போட்டன்."

அந்தக் கடிதத்துக்காக நான் ஆறு நாட்களாகச் சரியாகத் தூங்கவில்லை. குலசிங்கம் வேலை செய்யும் தொழிற்சாலை அவரைத் தன் நிரந்தர ஊழியராக நியமிக்க விரும்புகிறது என்று சொல்லும் கடிதம் அது. அது இல்லாமல் அவருடைய நிரந்தர வதிவிட விண்ணப்பத்தைக் குடிவரவு அலுவலகத்து யன்னலில் வாங்கமாட்டார்கள். அவருடைய தற்காலிக அனுமதி அன்றைக்கு முடிகிறது. அன்று கையளிக்காவிட்டால் அவர் நாட்டை விட்டு வெளியேறி, கொழும்பிலிருந்து புதிதாக விண்ணப்பித்து, வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். அந்த வரிசை எத்தனை வருடம் நீளும் என்று சொல்ல எவரும் இல்லை. மெல்பேர்ணின் புறநகரான டண்டினோங்கில் இருந்த, தண்ணீர்ப் பம்பு செய்யும் அந்தத் தொழிற்சாலை அவருக்காக ஒரு மாதமும் காத்திருக்காது. யாழ்ப்பாணத்தில் அவருடைய மனைவி மலரும், அவர் இன்னும் கண்ணால் காணாத பெண் குழந்தையும் இருந்தார்கள். அவர் விமானம் ஏறி நான்கு மாதங்களுக்குப் பிறகு பிறந்த குழந்தை அது.

இந்த அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் விண்ணப்பங்களைக் கணினியில் அனுப்புகிறீர்கள். நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன்னர் பொத்தானை அழுத்தினாலும் அன்றைய தேதி விழுந்துவிடும். எங்கள் காலத்தில் இருந்தது ஒரு யன்னலும், அதற்குப் பின்னால் ஓர் உத்தியோகத்தரும், அவர் கையில் ஓர் இறப்பர் முத்திரையும். வழமையாக அந்த யன்னல் நாலு மணிவரை திறந்திருக்கும். அந்த வெள்ளிக்கிழமை நத்தார்ப் பண்டிகை விருந்துக்காகப் பன்னிரண்டு மணிக்கு மூடுவார்கள் என்று முதல் நாளே வாசலில் எழுதி ஒட்டியிருந்தார்கள். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். இரண்டு தரம் போய்ப் பார்த்தேன்.

ஆகவே எனக்குக் கைவசம் ஒன்றரை மணித்தியாலம் இருந்தது. யன்னலுக்கு நடை தூரம் இருபத்திரண்டு நிமிடம். வேலை மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. குலசிங்கம் எங்கள் சட்டத்தரணியின் முன்னால் சத்தியக் கூற்றில் கையெழுத்து வைக்க வேண்டும். நான் தாள்களை அடுக்கி, பேனாவின் மூடியைக் கழற்றி அவர் முன் வைத்தேன்.

குலசிங்கம் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பேனாவைத் தொடவில்லை.

"அண்ணை, பத்தரை ஆகுது."

"ஓம். அதுக்கென்ன?"

"இண்டைக்கு வெள்ளி. பத்தரை துவக்கம் பன்னிரண்டு ராகுகாலம். பன்னிரண்டு அஞ்சுக்கு வைப்பம்."

பன்னிரண்டுக்கு யன்னல் மூடும் என்பதைச் சொன்னேன். அவருக்கு அது தெரியாது. முகம் வெளிறியது. ஆனாலும் கை பேனாவிடம் போகவில்லை.

"ஐசே, உமக்கு விசரோ? பின்னேரத்தோடை உம்மடை பெர்மிற் முடியுது. நாளைக்கு நீர் கள்ள ஆள்."

"தெரியும் அண்ணை."

"தெரிஞ்சு கொண்டோ?"

"தெரிஞ்சு கொண்டுதான். ராகுகாலத்திலை வைக்கமாட்டன்."

நான் கணிதம் படித்தவன். கொழும்பில் ஒரு கப்பல் கம்பனியில் கணக்கு எழுதியவன். ராகுவுக்கும் எனக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்ததில்லை. அந்த நேரத்தில் என் வாயில் வந்த சொற்களை இங்கே எழுதமாட்டேன். சத்தம் கேட்டு எங்கள் சட்டத்தரணி உள்ளறையிலிருந்து வெளியே வந்தார்.

அவர் ஐரிஷ் வழி வந்த பெரிய உடம்புக்காரர். அவசரம் கூடக் கூட அவருடைய நடை குறையும். நான் அவரிடம் வேலை பார்த்த பத்தொன்பது வருடத்தில் அவர் ஓடியதை ஒரு நாளும் கண்டதில்லை. நான் ஆங்கிலத்தில் விஷயத்தைக் கொட்டித் தீர்த்தேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் வாயிலிருந்த பெப்பர்மின்டை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"அவன் உனக்கு மறுப்புச் சொல்லவில்லை" என்றார். "வேறு யாருக்கோ கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறான். யாருக்கு என்று கேள்."

கேட்டேன். என் குரல் அப்போதும் நன்றாக இல்லை.

குலசிங்கம் கதிரையில் உட்கார்ந்தார். இது அவருடைய இரண்டாவது விண்ணப்பம் என்பது எனக்குத் தெரியும். முதலாவது சிட்னியில் போட்டது. அதைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். அங்கே ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, வேலைக்குப் போகும் அவசரத்தில், குசினி மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்திருக்கிறார். அந்த விண்ணப்பம் மற்றவர்களுடைய ஆயிரம் விண்ணப்பங்களோடு சேர்ந்து மாதக்கணக்காகக் கிடந்தது. அது கிடக்கும்போதே, இறக்குமதிச் சரக்கோடு போட்டி போட முடியாமல் அவர் வேலை செய்த தொழிற்சாலை மூடப்பட்டது. தொழிற்சாலை இல்லையென்றால் அதன் நியமனக் கடிதமும் இல்லை. விண்ணப்பம் திரும்பி வந்தது.

"மலர் எழுதிக் கேட்டவ, எத்தினை மணிக்குக் கையெழுத்து வைச்சனீங்கள் எண்டு. நான் உள்ளதைச் சொல்லிப்போட்டன். திங்கள் ஏழரை ஒன்பது ராகுகாலம். பேந்து ஒரே அழுகைக் கடிதம். இந்தமுறை அப்பிடி வைக்கமாட்டன் எண்டு பிள்ளையின்ரை பேரிலை சத்தியம் பண்ணி எழுதிப்போட்டன். அண்ணை, நான் இன்னும் அந்தப் பிள்ளையைத் தூக்கேல்லை. அதின்ரை பேரிலை செய்த சத்தியத்தை எப்பிடி முறிக்கிறது?"

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இங்கேதான் தொடங்குகிறது. உங்கள் கோப்பின் முகப்பில் ஒரு தேதி எழுதியிருக்கும். அதைப் பார்த்து நீங்கள் ஓடுவீர்கள். உங்கள் முன் உட்கார்ந்திருப்பவருக்கு வேறொரு தேதி இருக்கும். அது கோப்பில் இராது. கேட்டால்தான் வரும். அன்று என் சட்டத்தரணி கேட்கச் சொல்லாவிட்டால், நான் பன்னிரண்டு மணிவரை சத்தம் போட்டுக்கொண்டு நின்றிருப்பேன்.

மணி பத்து நாற்பது. எனக்கு ஒரு யோசனை வந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் வந்தது.

"குலசிங்கம், இப்ப யாழ்ப்பாணத்திலை என்ன நேரம்? விடிய அஞ்சு பத்து. அங்கை ராகுகாலம் துவங்க இன்னும் அஞ்சு மணித்தியாலம் கிடக்கு. உம்மடை மனிசி பாக்கிறது யாழ்ப்பாணப் பஞ்சாங்கம். அந்தக் கணக்குக்கு இது நல்ல நேரம். வையும்."

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"இல்லை அண்ணை. கையெழுத்து வைக்கிற ஆள் நிக்கிறது இஞ்சை. ராகு ஆள் நிக்கிற இடத்திலைதான் பாப்பான். அங்கை பாத்து என்ன செய்யிறது?"

அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு நிமிடம் கழித்தே அது விளங்கியது. ஆள் நிற்கிற இடத்தில்தான் கணக்கு என்றால், இந்த இடத்துக் கணக்கை யார் பார்த்தது? பத்தரை முதல் பன்னிரண்டு என்பது ஊரில் சூரியன் ஆறு மணிக்கு உதித்து ஆறு மணிக்கு மறைகிறது என்று வைத்துப் போட்ட கணக்கு. பகலை எட்டாகப் பிரிக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு நாலாவது பங்கு ராகுவுடையது. மெல்பேர்ணில் டிசம்பர் மாதத்தில் பகல் எங்கே பன்னிரண்டு மணித்தியாலம்? இரவு எட்டரைக்குப் பிறகும் பொடியன்கள் வீதியில் பந்தடிக்கிறார்கள்.

நான் படிகளில் இறங்கி ஓடிப்போய் மூலைக் கடையில் அன்றைய பத்திரிகை வாங்கி வந்தேன். காலநிலைப் பெட்டிக்குள் இருந்தது. உதயம் ஐந்து ஐம்பத்திரண்டு. மறைவு எட்டு முப்பத்தேழு. பத்திரிகை ஓரத்திலேயே கணக்கைப் போட்டேன். பகல் எண்ணூற்று எண்பத்தைந்து நிமிடம். எட்டில் ஒரு பங்கு நூற்றுப் பத்தரை நிமிடத்துக்குச் சற்றுக் கூட. மூன்று பங்கு போனால் நாலாவது பங்கு தொடங்கும் நேரம் பதினொன்று இருபத்திநான்கு. முடியும் நேரம் ஒன்று பதினான்கு.

"இஞ்சை பாரும். மெல்பேர்ண் ராகுகாலம் இன்னும் துவங்கேல்லை."

அவர் பத்திரிகையை வாங்கிப் பார்த்தார். கூட்டல் பெருக்கலில் அவருக்குக் குறை இல்லை. அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கும் பிசகாமல் இரும்பைக் கடைபவர். ஆனால் முகம் தெளியவில்லை.

"அண்ணை, கணக்கு ஓடுது. ஆனா நீங்கள் இந்தப் பேப்பரைக் கொண்டு எனக்காண்டி ஒரு கணக்குச் செய்யிறியளோ எண்டு ஒரு பயம்."

அவர் சந்தேகப்பட்டது எனக்குப் பிடித்தது. என்னை அப்படியே நம்பியிருந்தால் பிறகு ஒருநாள் வேறு யாரையாவது அப்படியே நம்புவார். அவரை யன்னலண்டைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கீழே வீதியில் ட்ராம் கம்பி தாங்கும் இரும்புக் கம்பம் நின்றது. அதன் நிழல் நடைபாதையைத் தாண்டி நீண்டு கிடந்தது.

"வெள்ளிக்கிழமை ராகுகாலம் எங்கை முடியும்?"

"உச்சியிலை. சூரியன் உச்சிக்கு வந்தவுடனை முடியும்."

"அந்த நிழலைப் பாரும். உச்சிக்கு வர இன்னும் எவ்வளவு கிடக்கு?"

அவர் தோட்டம் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. மணிக்கூடு பார்க்கப் பழகுமுன் நிழல் பார்க்கப் பழகியவர். யன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். வடக்கே வானத்தைப் பார்த்தார். ஊரில் தெற்கே சாயும் சூரியன் இங்கே வடக்கே நிற்பதைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார்.

"ரெண்டு மணித்தியாலத்துக்கு மேலை கிடக்கு. ராகுகாலம் அவ்வளவு நீளமில்லை" என்றார். பிறகு சட்டென்று என் பக்கம் திரும்பினார். "அட, இவங்கள் ஒக்டோபரிலை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிப்போட்டாங்கள் எல்லோ!"

"ஓம்."

"அரசாங்கம் மணிக்கூட்டைத் தள்ளலாம் அண்ணை. ராகுவைத் தள்ளேலாது."

"அதைத்தான் நானும் இவ்வளவு நேரமும் சொல்லுறன்."

"நீங்கள் எங்கை சொன்னியள்? நீங்கள் பேப்பரை எல்லோ காட்டினியள்."

வந்து உட்கார்ந்தார். எங்கள் சட்டத்தரணி எதிரே உட்கார்ந்து, வாசகத்தை அவருக்கு நிறுத்தி வாசித்துக் காட்டி, கேட்க வேண்டியதைக் கேட்டார். ஒரு வரியையும் விடவில்லை. அவசரம் என்று நான் இரண்டு தரம் இருமினேன். அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. குலசிங்கம் கையெழுத்து வைத்தபோது மணி பதினொன்று இரண்டு.

எனக்கு மூச்சு வந்தது. ஐம்பத்தெட்டு நிமிடம் இருக்கிறது, ஆறுதலாக நடந்தே போகலாம் என்று தாள்களை உறையில் இட்டேன். குலசிங்கம் ஏற்கெனவே வாசலில் நின்றார்.

"அண்ணை, கெதியா வாங்கோ! இருபத்தி நாலுக்குத் துவங்குது!"

அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கு விளங்கியது. பன்னிரண்டு மணியாக இருந்த என் கடைசி நேரத்தை நானே கணக்குப் போட்டு முப்பத்தாறு நிமிடம் முன்னுக்கு இழுத்து வைத்திருந்தேன். நடந்தால் இருபத்திரண்டு நிமிடம். பதினொன்று இருபத்தைந்து ஆகிவிடும்.

"டாக்சி" என்றேன்.

என் வாழ்க்கையில் அதற்கு முன்னர் மெல்பேர்ண் நகருக்குள் நான் டாக்சி பிடித்ததில்லை. ட்ராம் இருக்கும்போது அது ஊதாரித்தனம். நத்தார்க் கடைக் கூட்டம் வீதியை நிறைத்திருந்தது. சாரதி ஒவ்வொரு சந்தியிலும் நின்றார். குலசிங்கம் என் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பதினொன்று பதினான்குக்கு உள்ளே நுழைந்தோம். எங்களுக்கு முன்னால் பதினொரு பேர். இரண்டு யன்னல்கள் திறந்திருந்தன. நான் ஆட்களை எண்ணி, ஒருவருக்கு எவ்வளவு நேரம் என்று பார்த்து, மனதுக்குள் கணக்குப் போட்டேன். பன்னிரண்டுக்கு முன் நிச்சயமாகப் போய்ச் சேரலாம். இருபத்திநான்குக்கு முன் போய்ச் சேரவே முடியாது. அதைக் குலசிங்கத்துக்குச் சொல்லவில்லை.

சுவர் மணிக்கூட்டில் பதினொன்று இருபத்திநான்கு ஆனபோது முன்னால் ஆறு பேர் நின்றார்கள். குலசிங்கம் வரிசையை விட்டு விலகிச் சுவரோரம் போய் நின்றார்.

நான் பின்னால் போனேன். எங்கள் இடத்துக்கு, பின்னால் நின்ற கிரேக்கப் பெண் ஒருத்தி நகர்ந்தாள்.

"என்ன இது?"

"துவங்கிட்டுது அண்ணை."

"ஒண்டு பதினாலு வரைக்கும் நிப்பீரோ? யன்னல் சாத்திப்போடுவாங்கள்."

"நீங்கள் போட்ட கணக்குத்தானே."

இந்த இடத்தில் எனக்கு ஒரு குறுக்குவழி தெரிந்தது. உங்களுக்கும் இப்படிப்பட்ட இடங்களில் அது தெரியும், ஆகையால் சொல்கிறேன். கணக்கில் ஒரு பிழை விட்டுவிட்டேன், பதினொன்று ஐம்பதுக்குத்தான் தொடங்குகிறது என்று சொன்னால் போதும். அவர் நம்புவார். காலை முழுவதும் சரியாகக் கணக்குப் பார்த்தவன் சொல்லும் ஒரு பொய்யை யாரும் நம்புவார்கள். என் நாக்கில் அந்தச் சொல் வந்துவிட்டது. ஆனால் அது அவருடைய பிள்ளையின் பேரில் செய்த சத்தியம். அதற்குள் என் பொய்யைச் செருக எனக்கு என்ன உரிமை? அதோடு, கணக்குச் சரியாக இருந்தது. சரியான கணக்கைப் பிழை என்று சொல்ல என்னால் முடியவில்லை. இரண்டில் எது முதல் காரணம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"கணக்குச் சரி" என்றேன். "ராகுகாலம் துவங்கிட்டுது. நான் மறுக்கேல்லை. உம்மட்டை ஒண்டு கேக்கிறன். மலருக்கு என்னெண்டு சத்தியம் செய்தனீர்? ராகுகாலத்திலை கையெழுத்து வைக்கமாட்டன் எண்டோ, ராகுகாலத்திலை வரிசையிலை நிக்கமாட்டன் எண்டோ?"

யன்னலில் ஒருவர் முடித்துக்கொண்டு போனார். வரிசை ஒரு அடி நகர்ந்தது. என் காற்சட்டைப் பையில் இருந்த சில்லறையை விரலால் எண்ணிக்கொண்டு நின்றேன். மேலே ஒரு சொல் சொல்லியிருந்தால் கெட்டுப் போயிருக்கும். வாதாடுவதை எப்போது நிறுத்துவது என்பதை நான் என் சட்டத்தரணியைப் பார்த்துத்தான் படித்தேன். அவர் சாட்சியிடம் கேள்வி கேட்டுவிட்டுப் பெப்பர்மின்டை உறிஞ்சிக்கொண்டிருப்பார். பதில் வரும்வரை உறிஞ்சுவார்.

குலசிங்கம் கடைசியில் சொன்னார். "நல்ல நேரத்திலை பயணம் வெளிக்கிட்டால், நடுவழியிலை ராகுகாலம் வந்திட்டுது எண்டு ஆரும் பஸ்ஸாலை இறங்கிறேல்லைத்தானே."

"இறங்கிறேல்லை."

"கையெழுத்துத்தான் வெளிக்கிட்டது. இது பஸ்."

"இது பஸ்."

அவர் வரிசைக்குத் திரும்பினார். கிரேக்கப் பெண் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு ஒரு அடி பின்னால் வைத்து எங்களுக்கு இடம் விட்டாள். நாங்கள் பேசியதில் ஒரு சொல்லும் அவளுக்கு விளங்கியிருக்காது. அவள் கையிலும் ஒரு பழுப்பு உறை இருந்தது.

பதினொன்று நாற்பத்தொன்றுக்கு யன்னலை அடைந்தோம். உத்தியோகத்தர் இளம் வயதுக்காரர். நத்தார் விருந்துக்காகச் சிவப்புக் கழுத்துப் பட்டி கட்டியிருந்தார். தாள்களைப் புரட்டினார். நியமனக் கடிதத்தை வாசித்தார். மருத்துவச் சான்றுக்காக வைத்திருந்த எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். முத்திரையை எடுத்து மையில் ஒற்றிக் குத்தினார். குத்திய தேதியைப் பார்த்துவிட்டுச் சீழ்க்கை அடித்தார்.

"வெள்ளிக்கிழமை, அதுவும் பதின்மூன்றாம் தேதி! உனக்கு நல்ல துணிச்சல். நானென்றால் திங்கட்கிழமை வரைக்கும் காத்திருப்பேன்" என்று சொல்லிக்கொண்டு கெட்டது அண்டாமல் இருக்க மரச் சட்டத்தை விரலால் இரண்டு முறை தட்டினார்.

குலசிங்கம் ஆங்கிலத்தில் நன்றி சொன்னார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அண்ணை, பதின்மூண்டிலை என்ன கிடக்கு?"

"அவங்களுக்கு அது கூடாத நாள். வெள்ளியிலை வந்தால் இன்னும் கூடாது."

குலசிங்கம் நடைபாதையில் நின்று விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இவ்வளவு படிச்சுக் கிடக்கிறாங்கள். என்ன விசர் நம்பிக்கையப்பா இந்த வெள்ளைக்காரருக்கு!"

பிறகு எட்டு மாதங்கள் ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் உங்கள் தொழிலின் பெரும்பகுதி, இளையவர்களே. யன்னல், முத்திரை, ஓட்டம் எல்லாம் ஒரு நாள். மிச்சம் முழுக்கக் காத்திருப்பு. அந்த எட்டு மாதமும் நான் ஒவ்வொரு திங்கட்கிழமையும் டண்டினோங் தொழிற்சாலைக்குத் தொலைபேசி எடுத்து, குலசிங்கத்தின் மேலாளரோடு ஏதாவது ஒரு சாட்டில் பேசுவேன். தொழிற்சாலை திறந்திருக்கிறதா, ஆட்களைக் குறைக்கிறார்களா என்று அறிவதுதான் நோக்கம். சிட்னியில் நடந்தது மறுபடி நடந்தால், அதற்கு முதல் நாளே அடுத்த தொழிற்சாலையை நான் தேடி வைத்திருக்க வேண்டும். என் சட்டத்தரணி ஒருநாள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அடுத்த திங்கள் காலை என் மேசையில் அந்தத் தொழிற்சாலையின் தொலைபேசி எண்ணைத் தன் கையாலேயே எழுதி வைத்திருந்தார். என் தொழிலில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் பெரியது அதுதான்.

ஓகஸ்ட் மாதம் அனுமதிக் கடிதம் வந்தது. அடுத்த பெப்ரவரியில் மலரும் பிள்ளையும் வந்து இறங்கினார்கள். ஒரு வாரம் கழித்து மூன்று பேரும் அலுவலகத்துக்கு வந்தார்கள். பிள்ளை குலசிங்கத்தின் தோளில் இருந்தது. அவரைவிட்டு இறங்குவதில்லை என்றும், தன்னை அப்பா என்னாமல் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள் என்றும் அவர் முறைப்பாடு சொன்னார். மலர் சிறிய உருவம். ஒரு பேணி நிறையப் பயற்றம் பணியாரம் கொண்டுவந்திருந்தார். உட்கார்ந்ததும் முதல் கேள்வியே அதுதான்.

"அண்ணை, நீங்கள் மறைக்கக்கூடாது. இவர் எத்தினை மணிக்குக் கையெழுத்து வைச்சவர்?"

குலசிங்கம் எனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார். அவர் மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை என்பது விளங்கியது.

"பதினொண்டு ரெண்டு" என்றேன்.

"வெள்ளிக்கிழமையோ?"

"வெள்ளிக்கிழமை."

அவருடைய முகம் மாறுமுன்னர் நான் கோப்பை எடுத்துப் பத்திரிகைத் துண்டை மேசையில் விரித்தேன். உதயம், மறைவு, எண்ணூற்று எண்பத்தைந்து நிமிடம், எட்டில் ஒரு பங்கு, ட்ராம் கம்பத்தின் நிழல், ஒக்டோபரில் தள்ளிய மணிக்கூடு, பாதி வழியில் இறங்காத பஸ், எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். நன்றாகச் சொன்னேன் என்றே நினைக்கிறேன். மலர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், பத்திரிகைத் துண்டை மரியாதையாக என் பக்கம் தள்ளி வைத்தார்.

"அண்ணை, அப்ப ஊரிலை என்ன நேரம்?"

"விடிய அஞ்சு முப்பத்திரண்டு."

அவர் ஒரு விநாடி கண்ணை மூடினார். "அப்ப நான் சாமி விளக்குக் கொளுத்துற நேரம். பிள்ளை எழும்ப முந்தி ஒவ்வொரு நாளும் அஞ்சரைக்குக் கொளுத்துறனான்." கணவனைப் பார்த்து, "சரி, நல்ல நேரந்தான்" என்றார். அவ்வளவுதான். பேணியின் மூடியைத் திறந்து எனக்கு முன்னால் நீட்டினார்.

குலசிங்கம் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. ஊர் நேரம் பற்றிய வாதத்தை நான் அன்று பத்து நாற்பதுக்கே சொல்லியிருந்தேன். அவர் அப்போதே ஓம் என்றிருந்தால் நாங்கள் ஆறுதலாக நடந்தே போயிருப்போம்.

அன்று பின்னேரம், பத்திரிகைக்கும் டாக்சிக்குமாக எழுதி, ஒரு வருடத்துக்கு மேலாகக் கோப்பில் கிடந்த செலவுச் சீட்டைச் சட்டத்தரணியின் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். "நாங்கள் சட்டத்துக்குத்தான் கட்டணம் வாங்குகிறோம், சூரியனுக்கு அல்ல" என்று சொல்லி, இரண்டு வரியையும் குறுக்கே வெட்டினார். அந்தக் காசைக் குலசிங்கத்திடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் மூன்று பேரும் கீழே வீதியில் அந்த ட்ராம் கம்பத்தடியில் நின்று, தகப்பன் பிள்ளைக்கு நிழலைக் காட்டிக்கொண்டிருந்ததை நான் யன்னலால் பார்த்துவிட்டேன்.

என் முதல் வாதத்துக்குச் செலவு ஒன்றும் இல்லை. இரண்டாவது வாதத்துக்கு, பத்திரிகை பத்துச் சதம், டாக்சி ஒரு டொலர் முப்பது சதம். என் கையிலிருந்து போனது மொத்தம் ஒரு டொலர் நாற்பது சதம்.